பதினொரு மாதங்கள்

என் தம்பிக்கு மனநோய் எந்த நாளில் தொடங்கியது என்று எங்களால் இன்றும் சொல்ல முடிவதில்லை. சிகிச்சை தொடங்கிய நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவன் ஓரளவு தேறிய பின்னர், அம்மாவும் நானும் பழைய கலண்டரை விரித்து வைத்து, எந்தத் திருவிழாவுக்கு அவன் வந்தான், எதற்கு வரவில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது, இடைப்பட்ட காலம் ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் என்று தெரிந்தது.

உயர்தரப் பரீட்சைக்கு அவன் இரண்டாம் தடவை தோற்றவிருந்த ஆண்டு அது. முதலில் நித்திரை குறைந்தது. பிறகு மாலையில் திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போவதை நிறுத்தினான். சாப்பாட்டை அறைக்குள் எடுத்துச் சென்று கதவைச் சாத்திக்கொண்டான். நான்காம் மாதமளவில் அவனுடைய கணித ரியூசன் ஆசிரியர் வீட்டுக்கு வந்து, கொப்பிகள் வெறுமையாகக் கிடக்கின்றன, கேள்வி கேட்டால் நெடுநேரம் கழித்தே பதில் வருகிறது என்று அம்மாவிடம் சொன்னார். நாங்கள் அதைச் சோதனைப் பயம் என்றோம். பெரியம்மா ஏழரைச் சனி என்றார். அப்பா யாரோ ஒரு பெண் பிள்ளையின் விடயம் என்று சந்தேகித்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்களிடம் ஒரு காரணம் ஆயத்தமாக இருந்தது.

துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது அதற்குள் தன் பெயர் கேட்கிறது என்று அவன் ஒரு நள்ளிரவில் என்னை எழுப்பிச் சொன்னான். அதற்குப் பிறகும் நாங்கள் முதலில் போனது பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நூல் கட்டுவதற்காக. அடுத்ததாக மூதூர்ப் பக்கம் ஒருவரிடம் கழிப்புக் கழித்தோம். அதன் பிறகு ஒரு தனியார் மருந்தகத்தில் நித்திரைக் குளிசை வாங்கினோம். இவர்களில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. அவரவர் அறிந்ததை அவரவர் செய்தார்கள். நாட்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

வைத்தியர்கள் சைக்கோசிஸ் என்றும் தமிழில் உளமாய நோய் என்றும் குறிப்பிடும், எது உண்மை எது மனத்தின் தோற்றம் என்று பிரித்தறிய முடியாமல் போகும் இந்த நிலையில், முதல் அறிகுறிகள் தெளிவாகத் தோன்றிய நாளிலிருந்து உரிய சிகிச்சை தொடங்கும் நாள் வரையுள்ள இடைவெளியைத் தனியாக அளந்து ஆராய்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் வாசித்து அறிந்தேன். அமெரிக்காவில் 21 மாநிலங்களின் 34 கிளினிக்குகளில் 404 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு, 2015இல் வெளியான ஆய்வொன்றில், அந்த இடைவெளியின் இடைநிலை அளவு 74 வாரங்களாக இருந்தது; அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதலான காலம் போயிருந்தது. மருந்து, குடும்பத்துக்கான விளக்கம், தனிப்பட்ட ஆலோசனை, படிப்புக்கும் வேலைக்குமான உதவி ஆகியவற்றை ஒரே குழு சேர்த்து வழங்கியபோது நோயாளர்கள் வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதும், இடைவெளி குறைவாக இருந்தவர்களுக்கே அந்த நன்மை கூடுதலாகக் கிடைத்தது என்பதும் அதன் முடிவுகள். வசதி படைத்த நாட்டிலும் ஒன்றரை ஆண்டு போகிறது என்று வாசித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, கவலைதான் கூடியது.

நோர்வேயின் ரோகாலாந்து மாவட்டத்தில் நடந்ததை நான் பலமுறை திரும்ப வாசித்திருக்கிறேன். அங்கே 1997 முதல் பத்திரிகைகள், வானொலி, சினிமா அரங்குகள் வழியாக இந்நோயின் ஆரம்ப அறிகுறிகளை மக்களுக்கு விளக்கினார்கள். பாடசாலை ஆசிரியர்களுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். பெற்றோரோ நண்பரோ யாரும் நேரடியாகத் தொலைபேசியில் அழைக்கக்கூடிய ஒரு குழுவை அமைத்தார்கள். இடைநிலை இடைவெளி 26 வாரங்களிலிருந்து 5 வாரங்களாகக் குறைந்தது. பிரசாரத்தை நிறுத்தியதும் அது மீண்டும் 15 வாரங்களாக ஏறியது. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்படி முன்கூட்டிக் கண்டறிந்த பகுதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேரும், ஒப்பிட்ட மற்றப் பகுதிகளில் 15 பேரும் முழுமையாக மீண்டிருந்தார்கள். புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து சொன்ன அந்த ரியூசன் ஆசிரியருக்கு அப்படியொரு தொலைபேசி இலக்கம் தெரிந்திருந்தால், எங்களுக்கு ஏழு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

கப்பல் ஊதும் சத்தம் ஏன் அவனுக்குச் செய்தியானது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. மூளையில் டோபமின் என்னும் இரசாயனம், சுற்றியுள்ளவற்றில் எது முக்கியம் என்று நமக்குச் சுட்டுவதில் பங்கெடுக்கிறது. அது ஒழுங்கு தவறி மிகையாகச் சுரக்கும்போது, யாரோ செருமியதும் எங்கோ ஊதியதும் தனக்கென்றே நடந்தவையாகக் கனத்துத் தோன்றுகின்றன; அந்தக் கனத்துக்கு மனம் ஒரு கதையைத் தேடுகிறது. மருந்து டோபமினின் வேலையைத் தணிக்கிறது, கதை மெல்ல மெல்லவே தளர்கிறது. மருந்து தொடங்கி ஆறாவது கிழமை தம்பி சொன்னான்: “ஊதுற சத்தம் இப்பவும் கேக்குது அக்கா, ஆனா அது எனக்கில்லை.”

முதல் தடவை நோய் கண்டவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே பெரும்பாலும் போதுமானது. பக்க விளைவுகளும் அவர்களை எளிதில் தாக்கும். தம்பிக்கு மூன்று மாதத்தில் உடல் நிறை கூடியது, பகலிலும் தூங்கி விழுந்தான். அதை வைத்தியரிடம் சொல்லலாம், சொன்னால் மருந்தை மாற்றுவார்கள் என்பதை அறியாமல், ஐந்தாம் மாதம் அவனாகவே குளிசையை நிறுத்திவிட்டான். நோய் திரும்பியது. முதல் நோயிலிருந்து தேறியவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 1999ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, மருந்தை நிறுத்துவது நோய் திரும்பும் ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்று கண்டது. அதேவேளை, தேறியவர்களுக்கு வைத்தியரின் கண்காணிப்பில் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில், ஏழு ஆண்டுகளின் முடிவில் அவர்களே வேலையிலும் வாழ்விலும் கூடுதலாக நிலைபெற்றிருந்தார்கள். இது பற்றிய விவாதம் இன்னும் தீரவில்லை. எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதைச் சேர்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கியது.

மீன் எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் கடலோரத்தில் இருக்கும் எங்களிடம் பலரும் அதைச் சொன்னார்கள். 2010இல் வியன்னாவில் 81 பேரிடம் செய்த சோதனை, ஆபத்து நிலையில் உள்ள இளையோருக்கு அது நோயைத் தடுக்கிறது என்று காட்டியது உண்மை. 304 பேருடன் பல நாடுகளில் நடந்து 2017இல் வெளியான பெரிய சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. மீனைச் சாப்பிடுங்கள், கிளினிக்கையும் விடாதீர்கள்.

சென்னையில் ஸ்கார்ப் என்னும் மனநல நிறுவனமும் கனடாவின் மொன்றியல் நகரச் சிகிச்சைக் குழுவும் சேர்ந்து செய்த ஒப்பீட்டில், சென்னைக் குடும்பங்கள் இரண்டு ஆண்டுகளும் சிகிச்சைக் குழுவோடு கூடுதலான தொடர்பில் இருந்தன. எங்கள் கிளினிக் வாங்கில்களில் காலை ஆறரை மணிக்கே கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு அது வியப்பாக இல்லை.

தம்பி இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். போன மாதம் அந்த ரியூசன் ஆசிரியர் எனக்கு அழைத்து, இன்னொரு மாணவனின் கொப்பி மூன்று கிழமைகளாக வெறுமையாக இருக்கிறது என்றார். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அன்று மாலையே அந்தப் பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து, “பிள்ளை எந்த நாளிலிருந்து நித்திரை கொள்ளேல்ல, சொல்லுங்கோ” என்று கேட்டார்.