தெளிஞ்சா நல்லதுதான்

"தெளிஞ்சா நல்லதுதான் ஐயா." இவ்வளவுதான் சொன்னேன். மூன்று சொல். அன்று காலை லேப் கவுண்டரில் வாய் ஓயாமல் பேசியிருப்பேன், வேறு எதுவும் நினைவில் இல்லை.

சிறுநீர் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டி அந்தப் பெரியவர் கையில் கொடுத்தது நான்தான். கழிப்பறைப் பக்கம் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "ஏம்மா, முந்தாநாள் ரெண்டு தடவை செவப்பா போச்சு. வலி இல்ல, எரிச்சல் இல்ல. நேத்துலேர்ந்து தண்ணி மாதிரி தெளிஞ்சிடுச்சு. இப்போ குடுத்து என்ன தெரியப் போகுது?" என்றார். நான் இன்னொருவர் கையில் டூர்னிக்கெட் கட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் சொன்ன பதில் அது.

"அப்போ ஒரு வாரம் பார்த்துட்டு வரேம்மா" என்று டப்பாவைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டுப் போனார். மூடி திறக்காத டப்பா. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'மாதிரி வரவில்லை' என்று எழுதினேன். சாயங்காலம் லேபிளைக் கிழித்துவிட்டு டப்பாவைக் கழிவுக் கூடையில் போட்டேன்.

ஒரு வாரம் என்றவர் வந்தது பதினொரு மாதம் கழித்து.

நான் லேப் டெக்னீஷியன். ரிப்போர்ட்டைப் பற்றி நோயாளியிடம் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தந்த பாடம். 'நல்லதுதான்' என்பது அபிப்பிராயமா? நாங்கள் அதை 'ம்' போடுகிற மாதிரிதான் சொல்கிறோம். ஊசி குத்தும்போது "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறோமே, அந்த ரகம். இப்படி அவர் திரும்பி வந்ததிலிருந்து எனக்கு நானே வக்கீலாக இருந்து பார்த்துவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீலும் நானே என்பதால் வழக்கு முடியவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் இவ்வளவு உறுத்தாது. 'வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போவது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முக்கியமான அறிகுறி. அது விட்டு விட்டு வரலாம், தானாகவே நின்றும் போகலாம்' என்று தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள் நான். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் பாசி மாதிரி முளைக்கும் கட்டியின் ரத்தநாளங்கள் மெல்லியவை. கசியும், உறையும், நிற்கும். நிற்பது கசிவு மட்டும்தான், கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் சொன்னது அப்படியே பாடப்புத்தக வாக்கியம். பேச்சுத் தமிழில் வந்ததால் என் காதில் விழவில்லை.

அறிகுறியே இல்லாதவர்களைக் கூட்டி வைத்து இந்த நோயைத் தேடுவதில் பலன் இருப்பதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆக, உடம்பே அனுப்புகிற அந்தச் சிவப்புதான் பெரும்பாலும் கிடைக்கிற முதல் தகவல். அது ஒரு கவுண்டரில் வந்து நின்று, குனிந்து, மெதுவாகக் கேள்வியும் கேட்டது.

அவரைப் பற்றிய மற்ற விவரங்கள் பின்னால் தெரிந்தவை. முப்பது வருடம் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். "மாஸ்க் போட்டா மூச்சு முட்டும்மா, போட்டதே இல்ல." சிகரெட்டை விட்டுப் பத்து வருடம் ஆகிறதாம். "நுரையீரலுக்குக் கெடுதல்னு சொன்னாங்க, விட்டுட்டேன். மூத்திரப்பைக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" பலரும் கேட்கிற கேள்விதான். புகையிலுள்ள நச்சு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டிக் கீழே அனுப்புகிறது. சிறுநீர்ப்பை அதை மணிக்கணக்கில் தேக்கி வைத்திருக்கிறது. அவ்வளவு நேரமும் அந்த நச்சு உள்சுவரில் பட்டுக்கொண்டே இருக்கும். இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் புகைதான். விட்டால் ஆபத்து குறையும், அடியோடு போய்விடாது. பெயின்ட், ரப்பர், சாயம் என்று ரசாயனத்தோடு புழங்கியவர்களுக்கு வேலையை விட்டு இருபது வருடம் கழித்துக்கூட வரும்.

எங்கள் அலமாரியில் காசநோய்க் கிருமிக்குச் சாயமேற்றும் கார்பால் ஃபுக்சின் புட்டி இருக்கிறது. அந்த ஃபுக்சினைத் தயாரித்த தொழிலாளிகளிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு, 1895இல் லுட்விக் ரென் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர்தான் இந்த நோயை வேலையோடு முதலில் முடிச்சுப் போட்டார். இதைவிட விசித்திரம், எங்கள் தொழிலிலேயே ஒரு காலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்க பென்சிடின் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அதுவே சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று தெரிந்தபின் அந்தப் பரிசோதனையைக் கைவிட்டார்கள். இப்போது சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் மஞ்சள் கட்டம் பச்சையாவது அதன் உறவுக்கார ரசாயனம் ஒன்றால். இதெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தது அவர் திரும்பி வந்த பிறகு. படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. குற்றவுணர்வுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

தூக்கம் வராத இரவுகளில் ஒரு கணக்குப் போடுவேன். அன்று அவர் அந்த டப்பாவை நிரப்பிக் கொடுத்திருந்தால்? சிறுநீர் தெளிவாக இருந்தது என்கிறார். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு புலத்துக்கு, அதாவது மைக்ராஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரியும் வட்டத்துக்கு, ஒன்றோ இரண்டோ சிவப்பணு தெரிந்திருக்கலாம். மூன்றிலிருந்துதான் நாங்கள் அதைப் பொருட்படுத்துவோம். 'இயல்பு' என்று அச்சடித்துக் கொடுத்திருப்பேன். அவர் அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். செல் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாலும், வீரியம் குறைந்த கட்டிகளை அது பெரும்பாலும் தவறவிடும். கண்ணால் ஒருமுறை ரத்தம் பார்த்தவருக்கு உள்ளே குழாய் விட்டுக் காமிராவில் பார்ப்பதுதான் வழி. ஆக, நிரம்பிய டப்பா காலி டப்பாவைவிட மோசமாகக்கூட முடிந்திருக்கலாம்!

இந்தக் கணக்கு ராத்திரியில் சரியாக வரும். காலையில் தப்பாகிவிடும். ரிப்போர்ட் எப்படி வந்திருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு அவர் டாக்டர் அறைக்குப் போயிருப்பாரே. அந்த அறையில் யாராவது "ரத்தம் போச்சா, எத்தனை தடவை?" என்று கேட்டிருக்கலாமே. அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது என் மூன்று சொல்.

பதினொரு மாதம் கழித்து வந்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்குள் கட்டியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். வீரியம் மிக்க வகை, உள்சுவரின் அடுத்த அடுக்கு வரை இறங்கியிருந்தது, தசையைத் தொடவில்லை. பதினொரு மாதத்துக்கு முன்னால் எங்கே இருந்திருக்கும்? யாராலும் சொல்ல முடியாது. அவரே சாதாரணமாகச் சொன்னார்: "ஏன் அப்பவே வரலன்னு டாக்டர் கேட்டாரும்மா. வந்தேனே, லேப்ல கூட தெளிஞ்சா நல்லதுதான்னு சொன்னாங்க."

சொன்னாங்க. நம் பேச்சில் அந்த 'ஆங்க' ஒருவருக்கும் பொருந்தும், ஒரு கூட்டத்துக்கும் பொருந்தும், மரியாதைக்கும் பொருந்தும். நான் அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். "யாரு சொன்னா?" என்று கேட்டால் எட்டிப் பார்த்திருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. குறையாகவும் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அதன்பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனேன், அதுவும் கோணலாகத்தான். கவுண்டரில் யார் 'செவப்பு' என்றாலும் "சாதாரணமா விடாதீங்க, பெரிய வியாதியாக்கூட இருக்கலாம்" என்று ஆரம்பித்தேன். சின்ன வயசுப் பெண் ஒருத்தி, நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஸ்லைடு முழுக்கச் சீழணுக்கள். தெளிவான கிருமித்தொற்று. அவளிடமும் சொன்னேன். இரண்டு நாள் தூங்காமல் அழுதிருக்கிறாள். டாக்டர் லேபுக்கே இறங்கி வந்து, "யாரும்மா அந்தப் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னது?" என்றார். இந்தத் தடவை 'ஆங்க' இல்லை. நான்தான் என்றேன்.

அவர் திட்டியது நியாயம்தான். ஆனால் பெண்களுக்கு ரத்தம் போனால் தொற்று என்றே மாத்திரை மேல் மாத்திரை கொடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வளராத ரிப்போர்ட்டையும் பார்க்காமல் விட்டு, நோய் முற்றிய பிறகு கண்டுபிடிப்பதும் நடக்கத்தான் செய்கிறது. அதையும் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இப்போது ஒரே வாக்கியம் வைத்திருக்கிறேன்: "நின்னுட்டாலும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க." கூட்டம் அதிகமான நாட்களில் அதுவும் வாயில் வருவதில்லை.

பெரியவருக்கு இப்போது பி.சி.ஜி. சிகிச்சை நடக்கிறது. காசநோய்த் தடுப்பூசிக்குப் பயன்படும் அதே கிருமிதான். வாரம் ஒருமுறை, ஆறு வாரம், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். உள்ளே எதிர்ப்புச்சக்தியைத் தட்டி எழுப்பும் வேலை. 1976இல் மொராலிஸ் என்பவர் வெளியிட்ட முறை, இன்றைக்கும் அதுதான். தொற்றோ ரத்தமோ இருந்தால் அன்றைக்குச் செலுத்த மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு தடவையும் முதலில் என்னிடம் சிறுநீர் கொடுக்க வருகிறார். விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவருவார். பாதி போதும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

போன வாரம் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தெளிவாத்தானேம்மா இருக்கு?" என்றார்.

"மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா."

அன்றைக்கு அங்கே இருந்தது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு நிம்மதி, அவருக்கா எனக்கா என்பதிலேயே நின்றுவிடுகிறேன். லேபிளில் பெயர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "உங்களுக்கு நல்ல கையெழுத்தும்மா."