நாவற்பழம் தின்ற தக்காளிக் கன்றுகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் முதலில் குடியிருந்தது ஒரு பேஸ்மென்டில். வெளிச்சம் என்று வந்தது நிலமட்டத்தோடு ஒட்டிக் கிடந்த ஒரே ஒரு யன்னலால்தான். முதல் வின்ரர் முடியவும் இல்லை, பெப்ரவரிக் கடைசியில் கை துருதுருத்து ரோமா தக்காளி விதை போட்டேன். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் அப்பாவின் நாற்றுமேடைக்கு வைக்கோல் மூடி, பூவாளியால் தண்ணீர் விட்டு வளர்ந்தவளுக்குத் தக்காளி முளைக்கவைக்கத் தெரியாதா என்ற கெப்பர் வேறு.

கோப்பி குடித்த கடதாசிக் கப்புகளின் அடியில் ஆணியால் துளை போட்டு மண் நிரப்பி, ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். ஏழாம் நாள் முளைத்துவிட்டது. வித்திலை, அதாவது முளையில் முதல் வரும் இரண்டு இலை, விரிந்ததும் யன்னலடியில் வரிசையாக அடுக்கினேன்.

மார்ச் மூன்றாம் கிழமை ஒரு கன்றின் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன், நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரி இருக்கிறது. மேல்பக்கம் மங்கின பச்சை. நரம்பும் தண்டும் ஊதா. இரண்டு கிழமையாக ஒரு விரல்கூட உயரவில்லை.

வாட்ஸப்பில் படம் பார்த்த அம்மா, "பிள்ளை, அதுக்குப் பசளை காணாது. கொஞ்சம் அடுப்புச் சாம்பல் போடு" என்றா. இங்கே இருப்பது கரண்ட் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவேன்? இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே பதில்: பொஸ்பரஸ் குறைவு. உடனே போய் 10-52-10 என்று போட்ட பசளை வாங்கிவந்தேன். நடுவில் நிற்கும் 52தான் பொஸ்பரஸுக்கு உரியது. கண்ணளவில் கரைத்து ஊற்றினேன். நாலாம் நாள் இலை நுனி கருகியது. ஊதா மட்டும் அப்படியே நின்றது.

பிறகு ஒருநாள் காலை தண்ணீர் விடும்போது விரல் விறைத்தது. இங்கே குழாயில் வருவது ஒன்ராரியோ ஏரித் தண்ணீர், மார்ச்சில் ஐஸ் மாதிரித்தான் இருக்கும். ஊரில் விடியக்காலைக் கிணற்றுத் தண்ணீர் கைக்கு இளஞ்சூடாக இருக்கும். இவருடைய கோழி வெந்துவிட்டதா என்று பார்க்கும் தெர்மோமீட்டரை எடுத்து ஒரு கப்பின் மண்ணில் குத்தினேன். 11 பாகை! அறைக்குள் 20 காட்டுகிறது, யன்னலடி மண்ணுக்குள் 11.

பசளை இல்லாமல் இல்லை. மண் 15 பாகைக்குக் கீழே போனால் வேர் பொஸ்பரஸை உறிஞ்சத் திணறும். அது கிடைக்காதபோது இலை செய்த சீனி செலவாகாமல் தேங்கும், அதிலிருந்து அந்தோசயனின் என்ற சாயம் ஊறும். நாவற்பழத்தையும் கத்தரிக்காய்த் தோலையும் ஊதாவாக்குவதும் அதே சாய வகைதான். (சாப்பாடு முன்னால் இருந்தும் குளிரில் வாய் திறக்காத கன்று என்று புலம்பெயர் கவிதை ஒன்று எழுதலாம். எழுதப்போவதில்லை.)

கப்புகளைத் தூக்கி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கிற அறையில் ஒரு பலகையில் வைத்தேன். மேலே ஒரு எல்ஈடி டியூப், இலைக்கு நாலு விரல் உயரத்தில், நாளுக்கு 16 மணி நேரம். கூடிப்போன பசளை கழுவிப்போக ஒருதரம் நிறைய இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு வடியவிட்டேன். அதற்குப் பிறகு இரவே வாளியில் பிடித்துவைத்த தண்ணீர்தான், அதுவும் மேல்மண் காய்ந்த பிறகு. பத்து நாளில் வந்த புது இலை நல்ல பச்சை. பழைய இலைகளில் ஊதா முழுதாகப் போகவில்லை. கன்று தேறிவிட்டதா என்று புது இலையில்தான் பார்க்கவேண்டும்.

இடையில் வித்திலை இரண்டும் மஞ்சளாகி உதிர்ந்ததற்கும் ஒரு இரவு தூக்கம் கெட்டது, வீணாக. அது வயதுபோய் உதிர்வது. அதற்கு மேலே உள்ள அடியிலைகளும் மஞ்சளானால் நைதரசன் குறைவாக இருக்கலாம். நரம்பு பச்சையாக இருக்கப் புதுக் குருத்து மஞ்சளித்தால் இரும்புச்சத்தைப் பார்க்கவேண்டும். தண்ணீர் கூடி வேர் மூச்சுத் திணறினாலும் அப்படி வரும்.

மே மாதம் அடுத்த மடைத்தனம். நல்ல வெயில் என்று கன்றுகளை ஒரு முழுப்பகல் வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் இலைகளில் ரிஷ்யூப் பேப்பர் மாதிரி வெள்ளைத் திட்டுகள். நோய் இல்லை, வெயில் சுட்டது! யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்தவள் கனடா வெயிலில் தக்காளியைச் சுட்டுவிட்டாள் என்று அம்மா ஊர் முழுக்கச் சொன்னா. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து நாளில் முழு வெயில், அப்படிப் பழக்கியிருக்கவேண்டும்.

தப்பின ஒன்பது கன்றையும், மே 25க்கு முந்தின திங்கள் வரும் விக்ரோறியா தினம் கழிய, வீட்டுக்காரர் தந்த வேலியோரத் துண்டில் நட்டேன். அதற்கு முன் நட்டால் இரவுக்குளிர் விடாது. பெப்ரவரியில் விதை போட்ட அவசரத்துக்கு, கன்றுகள் அதுவரை கப்புக்குள் நெளிந்துகொண்டு நின்றதுதான் மிச்சம். இப்போது ஏப்ரல் பிறந்த பிறகுதான் விதை போடுகிறேன்.

தெர்மோமீட்டர் இன்னும் மண்பையோடுதான் கிடக்கிறது. போன ஞாயிறு இவர் கோழியை ஓவனுக்குள் வைத்துவிட்டு, "இஞ்சேரும், அது எங்கை?" என்று கேட்டார்.

"கழுவிப்போட்டுப் பாவியுங்கோ" என்றேன்.

அடுத்த நாளே தனக்கென்று புதிதாக ஒன்று வாங்கிவந்துவிட்டார்.