வரிசை எண்ணும் வலிப்பும்: புதுச்சேரி நாட்குறிப்பு

நவம்பர் 10

மூளை அலைகளையும் வலிப்பு வரும் காட்சியையும் ஒன்றாகப் பதிவு செய்யும் வீடியோ ஈஇஜி படுக்கைகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம்; யாரை முதலில் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி. அந்தப் படுக்கையில் ஒருவர் சேர்ந்தால் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள் ஆகும். வலிப்பு கேமரா முன்னால் வர வேண்டும் என்பதற்காக மாத்திரையைக் குறைக்கிறோம். அவசரப்பட்டுக் குறைத்தால் அடுக்கடுக்காக வரும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பில் போய் முடியலாம். அதனால் கட்டில் வாங்கிப் போட்டால் மட்டும் தட்டுப்பாடு தீராது. இரவெல்லாம் திரையைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது காதுக்கு நியாயமாகத்தான் ஒலிக்கிறது. முந்தி வருபவர் யார்? கூட வர ஆள் இருப்பவர், ஒரு நாள் கூலி போனாலும் தாங்குபவர், பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கத் தெரிந்தவர். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண் பத்து வருடம் அதே மாத்திரையை விழுங்கிவிட்டு, கடைசியில்தான் சீட்டு எடுப்பார்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. இது 2010இல் வலிப்பு நோய்க்கான உலக மருத்துவ அமைப்பு (ILAE) வகுத்த வரையறை. காத்திருப்பை அந்த இரண்டாவது மருந்து தோற்ற தேதியிலிருந்து எண்ண வேண்டும், சீட்டு எடுத்த தேதியிலிருந்து அல்ல. பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினால் பெரும்பாலும் அந்தத் தேதி கிடைத்துவிடும். தவறான மருந்தைத் தோல்விக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காலையில் கை துள்ளும் இளவயது வலிப்புக்குக் கார்பமசிபைன் என்ற மருந்தைக் கொடுத்தால் அந்தத் துள்ளல் அதிகமாகத்தான் செய்யும். அவருக்குத் தேவை மருந்து மாற்றம், படுக்கை அல்ல.

நவம்பர் 12

காத்திருப்புப் பட்டியலில் வைக்காமல் உடனே பார்க்க வேண்டியவர்களும் உண்டு. ஐந்தாறு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, கைகளை விரித்து, விட்டுவிட்டு உதறுகிறது. வீட்டில் உரம் விழுந்திருக்கிறது என்று முறத்தில் போட்டு எடுப்பார்கள், அல்லது வயிற்றுவலி என்பார்கள். அது சிசு வலிப்பாக இருந்தால் வாரக்கணக்கான தாமதமே அறிவு வளர்ச்சியைப் பறிக்கும். கைப்பேசியில் எடுத்த வீடியோவைப் பார்த்து அன்றே ஈஇஜிக்கு அனுப்ப வேண்டும்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் என்ற பேச்சு வந்தால் மாத்திரைப் பட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து என்றால் அவசரம். கருவுற்றபின் தொடர்ந்தால் நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை, முப்பது நாற்பது பேருக்கு வளர்ச்சிச் சிக்கல். மாற்றுவதும் ஒரு வாரத்து வேலையில்லை. வால்ப்ரோயேட் ஓடும்போது மாற்று மருந்தான லாமோட்ரிஜினை ஒன்று விட்டு ஒரு நாள் 25 மில்லிகிராம் என்றுதான் தொடங்க முடியும். வேகமாக ஏற்றினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து. அதனால் ஐப்பசியிலேயே கூப்பிட வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தப் பெண் வாயே திறக்க மாட்டார், தனியாகக் கேளுங்கள்.

நவம்பர் 15

இரண்டு முறை வராவிட்டால் பெயரை நீக்குவது என்று ஒரு விதி பல இடங்களில் உண்டு. மழைக்காலத்தில் அந்த விதி தாழ்வான கடலூர்க் கிராமங்களைத்தான் பழிவாங்கும். நீக்குமுன் ஒரு போன் போதும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசு நிறுவனம். அங்கே தமிழ்நாடு, புதுச்சேரி என்று எல்லை பார்ப்பதிலும் நியாயமில்லை.

நவம்பர் 17

இன்று தேசிய வலிப்பு தினம். பேனர் கட்டியாயிற்று.

பிடி கொடுக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மூளையின் நெற்றிப்பொட்டு மடலில் தழும்பு உள்ள, அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புள்ள முப்பது வயதுக்காரர் ஒருவர்; பல வகை வலிப்போடு வளர்ச்சியும் நின்றுபோன பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னொருவர். படுக்கை ஒன்றுதான். 2001இல் வெளியான, கனடாவில் அந்த மடலில் வலிப்பு தொடங்கும் 80 பேரிடம் நடந்த சோதனையில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதத்தினர் ஒரு வருடம் கழித்து நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தார்கள்; மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 8 சதவீதம். பலனைப் பார்த்தால் முதலாமவர். துன்பத்தைப் பார்த்தால் பிள்ளை.

என் கணக்கில் வீடியோ ஈஇஜி முதலாமவருக்கு, ஏனென்றால் அந்தப் பரிசோதனை அவருடைய சிகிச்சையை மாற்றும். பிள்ளைக்கு அது அநேகமாக எதையும் மாற்றாது. ஆனால் பிள்ளையை 'அப்புறம் பார்க்கலாம்' என்று அனுப்பிவிடக் கூடாது. மருந்துகளைச் சீரமைக்க அரை மணி நேரம், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து, அதை எப்போது அடிப்பது என்று அம்மாவுக்குச் செய்துகாட்டல், மாதாமாதம் மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்படி ஒரு கடிதம். இவ்வளவுக்கும் படுக்கை வேண்டாம். இதையும் சேர்த்துத்தான் அவர் பெயருக்கு எதிரே எழுத வேண்டும். வெறுமனே வரிசை எண்ணை அல்ல.