வெள்ளைக் கரப்பான்

ஜூன் 8
பாட்டிலில் இருக்கும் கரப்பான் குஞ்சு பிஸ்கட்டைத் தொடவேயில்லை. தோலுரிக்கப் போகிறது என்று நினைக்கிறேன். வெளியே ஒன்றும் தெரியாது, வேலையெல்லாம் உள்ளே. அதன் தோல் என்பது உடம்பை மூடிய ஓடுதான். அந்த ஓட்டுக்கு அடியில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள்தான் ஓட்டைச் சுரப்பவை. எக்டைசோன் ஹார்மோன் ரத்தத்தில் ஏறியதும் அவை பழைய ஓட்டை விட்டு விலகிக்கொள்ளும். அந்த எக்டைசோனைப் பிரித்தெடுக்க ஜெர்மனியில் பூட்டெனாண்ட், கார்ல்சன் என்ற விஞ்ஞானிகள் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை எடுத்துக்கொண்டார்கள். 1954-இல் கையில் மிஞ்சியது 25 மில்லிகிராம்!

ஜூன் 9
அசைவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். விலகிய இடைவெளியில் செல்கள் ஒரு திரவத்தை விடுகின்றன. பழைய ஓட்டைக் கரைக்கும் நொதிகள் அதில் இருந்தாலும் உடனே வேலையில் இறங்குவதில்லை. முதலில் செல்கள் தங்கள் மேல் மெல்லிய புது உறை ஒன்றைப் போட்டுக்கொள்கின்றன. நொதிகளால் அதைக் கரைக்க முடியாது. அப்புறம்தான் நொதிகள் விழித்துப் பழைய ஓட்டின் உட்பகுதியைக் கரைக்கும். கரைந்ததில் பெரும்பகுதி உடம்புக்கே திரும்பிவிடும். உறைக்குக் கீழே கைட்டின் என்ற இழைப்பொருளும் புரதமும் அடுக்கடுக்காகச் சேரும். ஒவ்வொரு அடுக்கிலும் கைட்டின் இழைகள் கொஞ்சம் திசை திரும்பிப் படிவதால், விரிசல் விழுந்தாலும் நேராக ஓட வழியில்லை. புது ஓடு பழையதைவிடப் பெரியது, இடமில்லாமல் சுருக்கம் சுருக்கமாக உள்ளே கிடக்கும்.

ஜூன் 11, காலை
முதுகு பிளந்து வெளியே வந்துவிட்டது. வெள்ளை வெளேர், கண் மட்டும் கறுப்பு. “இது வேற ஜாதியாடா?” என்றார் அம்மா. அதே கரப்பான்தான். காற்றை விழுங்கி உடம்பை உப்பவைத்துச் சுருக்கங்களை நீட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிய கூட்டுக்குள் வெள்ளை இழைகள்: மூச்சுக்குழாய்களின் உள்ளுறை. அதுவும் இதே பொருள்தான், அதுவும் உரிந்தாக வேண்டும்.

மாலை
பழுப்பாகிவிட்டது. வெறுமனே காய்ந்து இறுகிய ஓடு அல்ல இது. புர்சிகான் என்ற ஹார்மோன் உத்தரவு தந்ததும், டோபமின் என்ற வேதிப்பொருளிலிருந்து வருபவை குயினோன்கள் என்ற, எளிதில் வினைபுரியும் பொருள்களாகி, புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. 1962-இல் வெளியான ஆய்வுகளில், கூட்டுப்புழுக் கூட்டிலிருந்து வந்தவுடன், தலையிலிருந்து ஹார்மோன் உடம்புக்கு இறங்காதபடி கழுத்தை இறுக்கிக் கட்டிய ஈக்கள் வெளிறியே இருந்தன. நிறம் ஏறிக்கொண்டிருந்த ஈயின் ரத்தத்தைச் செலுத்தியதும் அவையும் கறுத்தன.

ஜூன் 12
கழற்றிய கூட்டில் பாதியைத் தின்றுவிட்டது. சத்தை வீணாக்காத பிராணி. புது ஓட்டின் உள்ளடுக்குகள் இன்னும் சில நாள் சேரும். அதுவரை பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். சரி, ஆனால் சமையலறையில் கூடாது என்று அம்மாவின் தீர்ப்பு.