மயக்க ஊசிக்கு முன்னும் பின்னும்

பிப்ரவரி 4

நாளை ஒரு காளைக்குக் குளம்புச் சீழ் எடுக்க வேண்டும். காலைத் தொடவே விடாது, சைலசின் என்ற மயக்க ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். இன்று காலையிலிருந்தே தீனி கூடாது, ராத்திரிக்கு மேல் தண்ணீரும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "பட்டினி போட்டா பாவம் இல்லையா டாக்டர்?" என்றார் உரிமையாளர். வயிறு நிறைந்த மாடு மயங்கிப் படுத்தால் உப்பிக்கொள்ளும். எதுக்களித்து வருவது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதுதான் பெரிய பாவம்.

பிப்ரவரி 5

காளை 400 கிலோ இருக்கும். தசையில் போட, கிலோவுக்கு 0.1 மி.கி. கணக்கில் 40 மி.கி. என் பாட்டிலில் மில்லிக்கு 20 மி.கி., ஆக 2 மில்லி. இதே மருந்து மில்லிக்கு 100 மி.கி. செறிவிலும் வருகிறது. அதில் 2 மில்லி ஏற்றினால் ஐந்து மடங்கு! லேபிளைப் படிக்காமல் சிரிஞ்சைத் தொடவே கூடாது.

ஊசி போட்டதும் எல்லோரையும் தள்ளிப்போகச் சொன்னேன். மிரண்ட மாட்டுக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. கால் மணி நேரத்தில் தலை தொங்கியது, எச்சில் வடிந்தது, தானாகவே படுத்தது. பக்கவாட்டில் சாயவிடாமல் நெஞ்சு தரையில் பதிய வைத்து, பிடரிக்குக் கீழே சாக்கு மடித்து வைத்தேன். வாய் தாழ்ந்திருந்தால்தான் எச்சில் வெளியே வடியும்.

சைலசினை நம்பிக் கத்தி வைக்கக் கூடாது, வலி தெரியும். காலில் பட்டை இறுக்கிக் கட்டி, கீழே உள்ள ரத்தக்குழாயில் அட்ரினலின் கலக்காத லிக்னோகைன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்தை ஏற்றினேன். அப்புறம் அசையவே இல்லை.

சாயங்காலம் ஃபோன்: "மூத்திரமாப் போய்க்கிட்டே இருக்கு." இந்த மருந்துக்கு அது வழக்கம்தான்.

பிப்ரவரி 9

குதிரைக்குத் தையல். குதிரை சைலசினை ரத்தக்குழாயில் கிலோவுக்கு 1.1 மி.கி. வரை தாங்கும்; மாடு அதில் பத்தில் ஒரு பங்குக்கே படுத்துவிடும். கழுத்துச் சிரையை ஒட்டியே தமனி ஓடுகிறது. ஊசியை மட்டும் முதலில் குத்தி, ரத்தம் சொட்டுகிறதா பீறிடுகிறதா என்று பார்ப்பேன்; பீறிட்டால் அது தமனி. தமனிக்குள் போனால் வலிப்பு வரும். தலை தொங்கி நிற்கும் குதிரையும் திடீரென உதைக்கும். அதனால் உடம்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பிப்ரவரி 11

எட்டு மாதச் சினைப் பசு. கொம்பு கன்னத்தை நோக்கி வளைகிறது, அறுக்கச் சொல்கிறார்கள். கடைசி மாதங்களில் சைலசின் கருப்பையைச் சுருங்க வைக்கும், கன்று விழுந்துவிடலாம். கொம்புக்கும் கன்னத்துக்கும் இடையே இன்னும் இரண்டு விரல் இடம் இருக்கிறது. ஈன்ற பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.