நாற்காலியில் தொங்கிய கை

படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். வலது கை நாற்காலியின் முதுகுச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. விழித்தபோது மணிக்கட்டு துவண்டு கிடந்தது. விரல்களை நீட்ட முடியவில்லை. மரத்துப்போயிருக்கும், உதறினால் சரியாகிவிடும் என்று பார்த்தேன். சரியாகவில்லை. பக்கவாதமோ என்று பயந்து உடனே மருத்துவரிடம் ஓடினேன். கை திடீரென்று விழுந்தால் அப்படி ஓடத்தான் வேண்டும்.

சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளங்கை மேல பாக்குற மாதிரி வச்சு முழங்கையை மடக்குங்க சார்." பலமாகவே மடக்கினேன். "இப்போ கட்டைவிரல் மேல இருக்கட்டும், மடக்குங்க." மடங்கியது. ஆனால் முன்கையின் ஓரமாகப் புடைத்து எழ வேண்டிய தசை எழவில்லை. முழங்கையை நீட்டவும் முடிந்தது. பஞ்சால் தொட்டுப் பார்த்தபோது, கட்டைவிரலுக்குப் பின்னால் புறங்கையில் ஒரு சின்ன இடம் மட்டும் மந்தமாக இருந்தது. மேற்கையின் பின்புறம், நடுவில் விரலை வைத்து, "இங்கதான் அழுந்தியிருக்கு" என்றார். கருவி எதுவும் இல்லை. எப்படித் தெரிந்தது?

பிசியோதெரபி தந்த பெண் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. அவற்றில் கழுத்தின் கடைசி 4 வேர்களும் மார்பின் முதல் வேரும்தான் முக்கியமாகக் கைக்கு வருகின்றன. அந்த 5 வேர்கள் 3 தண்டுகளாகச் சேர்ந்து, 6 கிளைகளாகப் பிரிந்து, மறுபடி 3 வடங்களாகி, கடைசியில் 5 பெரிய நரம்புகளாகக் கைக்குள் இறங்குகின்றன. இதற்குத்தான் நரம்புப் பின்னல் என்று பெயர். இப்படிப் பின்னுவதால் ஒரே வேரின் இழைகள் பல நரம்புகளில் கலந்து போகின்றன.

மருத்துவர் பிடித்த துப்பு இதுதான். முதலில் சோதித்த மேற்கைத் தசைக்கும் புடைக்காத முன்கைத் தசைக்கும் வேர்கள் ஒன்றே, கழுத்தின் 5, 6. நரம்புகள்தான் வேறு. கோளாறு கழுத்தில் இருந்தால் இரண்டும் சோர்ந்திருக்கும். ஒன்று மட்டும் சோர்ந்ததால் பின்னலைத் தாண்டி, அந்த முன்கைத் தசைக்கும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்கும் போகும் ரேடியல் நரம்பில்தான் பிரச்சினை. முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகள் இதே நரம்பிலிருந்து மேலேயே பிரிந்துவிடுகின்றன. அது பிழைத்திருப்பதால் அதற்கும் கீழே. அந்த இடத்தில் ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டியே சுற்றி வருகிறது. நாற்காலிச் சட்டத்துக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோமே, அது இரத்தக் குழாய். இந்த நரம்பு வேறு. வெண்மையான கயிறு மாதிரி இருக்கும், உள்ளே கட்டுக் கட்டாக இழைகள். பெரும்பாலான பருத்த இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. எனக்கு உறைதான் நசுங்கியிருந்தது, இழை அறுபடவில்லை. அதனால் சில வாரங்களில் தேறும் என்றார்கள். இழையே அறுந்திருந்தால் அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்ந்து வரும். மேற்கையிலிருந்து விரல் தசைகள் வரை அந்த வேகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

கைப்பிடி தளர்ந்ததுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. விரல்களை மடக்கும் தசைகளுக்கு வேறு நரம்புகள் ஆயிற்றே! மணிக்கட்டு பின்னால் நிமிர்ந்து நின்றால்தான் அந்தத் தசைகளால் இறுக்கிப் பிடிக்க முடியுமாம். மணிக்கட்டைத் தாங்கும் பட்டையை மாட்டியதும், அன்றே பேனாவைப் பிடிக்க முடிந்தது.

ஐந்தாவது வாரம், மேசை விளிம்பில் கையை வைத்துத் தூக்கிப் பார்த்தபோது மணிக்கட்டு ஒரு விரல்கடை எழும்பியது. பக்கத்து அறையில் இருந்தவளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை தூக்கிக் காட்டினேன்.