கைமரத்தில் ஒட்டு விழும் இடம்

பட்டறைக் கூரைக்கு வேண்டிய கைமரம், அதாவது முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் சட்டம், 18 அடி. கையில் இருந்தவை எல்லாம் 12 அடிச் சட்டங்கள். சரி, ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு துண்டுகளை முனையோடு முனை வைத்து, இருபுறமும் பலகை அணைத்து, ஒரே வரிசையில் ஆணி அடித்தேன். ஒட்டு சரியாக நடுவில் விழுந்தது.

ஓடு ஏற்றிச் சில வாரங்களில் ஏணி போட்டுப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. ஒட்டின் மேல்வாய் இறுக மூடியிருந்தது. கீழ்வாயில் நகம் நுழைந்தது. அணைப்புப் பலகையில் ஆணி வரிசை நெடுக மயிரிழை போல ஒரு கீறல். அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன்.

பாரம் ஏறி மரம் வளையும்போது மேல்பக்கம் நெரியும், கீழ்ப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பு நடுவில்தான் உச்சம். முனையோடு முனை சேர்ந்த மரம் இழுப்பைத் துளியும் தாங்காது. அத்தனையும் ஆணிகளின் மேல் விழுகிறது.

ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஒட்டுகளுக்கு நேர் கீழே குறுக்காக ஓர் உத்தரம் ஓட்டி, குத்துக்கால் வைத்து நடுச்சுவரில் இறக்கினேன். சாய்வாகச் சீவிச் சேர்க்கும் ஒட்டு அழகானதுதான். ஆனால் 6 அங்குல உயரச் சட்டத்துக்கு எட்டுக்கு ஒன்று சரிவு (ஓர் அங்குல உயரத்துக்கு எட்டு அங்குல நீளம்) வைத்தால் ஒட்டுக்கே 4 அடி மரம் போய்விடும்.

மறுபக்கச் சரிவில் 10 அடித் துண்டுகள் இரண்டை அந்தப் பக்க உத்தரத்தின் மேல் 2 அடி பக்கவாட்டில் அணைத்து, போல்ட்டும் அகல வாஷரும் போட்டேன். இப்படிச் செய்தால் மேல்துண்டு ஒரு மரத்தடிமன் நகர்ந்துவிடும், முகட்டில் எதிர்க் கைமரத்துக்கு நேராக வராது. அதனால் சுவரில் குறியிடும்போதே கீழ்த்துண்டை ஒரு தடிமன் தள்ளிப் போடவேண்டும், எல்லாவற்றையும் ஒரே பக்கமாக.

முகட்டுப் பலகையின் ஒட்டுக்கு இவ்வளவு கவலை இல்லை. கைமரக் கால்கள் விரியாதபடி கீழே குறுக்குச் சட்டம் கட்டியிருந்தால், எதிரெதிர்க் கைமரங்களே ஒன்றையொன்று முட்டி நிற்கும். பலகை நடுவில் பிடிபட்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு ஜோடி சந்திக்கும் இடத்தில் ஒட்டை வைத்து, முனை பிளக்காமலிருக்கத் துளை போட்டு ஆணி அடித்தேன். பாரம் சுமக்கும் முகட்டு உத்தரம் என்றால் இது ஆகாது. அதன் ஒட்டு குத்துக்காலின் தலைமேல்தான் உட்காரவேண்டும்.

பழைய அணைப்புப் பலகையைக் கழற்றவில்லை. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஏறிப் பார்க்கிறேன். கீறல் இன்னும் அந்தப் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை.